மனநோய் வைத்தியம் வீட்டு வாசலுக்கு வரவேண்டும்

சிறு விவசாயி வீட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால், குடும்பம் இழப்பது ஒரு ஆளை அல்ல, இரண்டு ஆளை. நோய் கண்டவர் வயலுக்குப் போவதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு, சொந்த உழைப்பையே நம்பி, நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும் கூலி ஆள் வைக்கும் குடும்பத்தில் இது தாங்கக்கூடிய இழப்பு அல்ல. முதலில் நகை அடகுக்குப் போகிறது. பிறகு கறவை மாடு. பிறகு நிலம் குத்தகைக்குப் போகிறது. வைத்தியச் செலவு இதில் ஒரு பகுதிதான். அலைச்சல் தின்பதுதான் அதிகம்.

மாட்டுக்கு நோய் என்றால் கால்நடை டாக்டர் எங்கே இருக்கிறார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாள் கூடத் தெரியும். ஆனால் மனநோய்க்கு டாக்டர் எந்தக் கிழமையில் எந்த ஊருக்கு வருகிறார், மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இராது. வெட்கத்தால் கேட்காமல் இருப்பவர்கள் பாதி. கேட்டாலும் சொல்ல ஆள் இல்லாதது மீதி.

ஆகவே கிராமத்தில் வழி ஒரே மாதிரியாகத்தான் இருந்து வந்திருக்கிறது. முதலில் கோடங்கி, மந்திரவாதி. பிறகு கோயில் அல்லது தர்கா. கடைசியாகப் பட்டணத்து ஆஸ்பத்திரி. சென்னைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் சரித்திரம் 1794-ல் தொடங்குகிறது. நெடுங்காலம் வரை மனநோய்க்கு அரசு வைத்தியம் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வந்தது அந்த ஒரு இடம்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் அங்கே போய்வர ஆகும் நாட்களைக் கணக்கிட்டால், கரிசல் காட்டு விவசாயி ஒருவர் வருஷத்தில் எத்தனை தடவை போக முடியும்?

போக முடியாதவர்கள் செய்ததைத்தான் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி நாடு முழுவதும் பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று ஏசியவர்கள் உண்டு. அது நியாயம் இல்லை. பகல் முழுவதும் காட்டு வேலைக்குப் போகவேண்டிய வீட்டில், வெளியே ஓடிவிடும் ஒருவரை யார் காவல் காப்பது? சொந்த வீட்டிலும் தூணில் கட்டிவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துவிட்டுப் போன தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டியது வெறுப்பினால் அல்ல, வேறு வழி தெரியாமல்.

கட்டிவைப்பது இப்போது சட்டப்படியும் குற்றம். 2017-ல் இயற்றப்பட்டு 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் சங்கிலியை எடுத்த பிறகு அந்தத் தாய் மறுநாள் களையெடுக்க எப்படிப் போவாள் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது. பதில் வைத்திய ஏற்பாட்டில்தான் இருக்க வேண்டும்.

டாக்டர் வரும் கிழமை

ஏற்பாடுகள் பலவிதமாக முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. பெங்களூரைச் சேர்ந்த நிம்ஹான்ஸ் நிறுவனம் எழுபதுகளின் நடுவிலேயே சக்கலவாரா என்ற கிராமப் பகுதியில் தொடங்கியது. எண்பதுகளில் பெல்லாரி மாவட்டத்தையே எடுத்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கே பயிற்சி கொடுத்து, சில முக்கியமான மாத்திரைகளை அங்கேயே வைத்துவிட்டால், பட்டணத்துக்கு ஓடவேண்டிய நோயாளிகளில் பலரை அங்கேயே பார்த்துவிடலாம் என்பதுதான் யோசனை. அதைப் பின்பற்றித்தான் 1996-ல் மத்திய அரசின் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சி மாவட்டம்; பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்கள். மனநல டாக்டர், நர்ஸ், ஆலோசகர், சமூகப் பணியாளர் கொண்ட குழு, குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட தாலுகா ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வரும். மாத்திரைக்குக் காசில்லை.

இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. முந்தைய தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை. ஆனாலும் இந்த ஏற்பாடு டாக்டரை நம்பி நிற்கிறது. டாக்டர் மாறுதலாகிப் போனால், வேறு ஆள் வரும்வரை அந்தக் கிழமை வெறும் கிழமைதான். இன்னொரு குறை, நோயாளி வந்தால்தான் அவரைப் பார்க்க முடியும். வராதவரை யாரும் தேடிப் போவதில்லை. மனநோயில் வராமல் போகிறவர்தான் முக்கியமானவர். தனக்கு நோய் இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர் அவர்.

மருந்து ஏன் நிற்கிறது என்பதைப் பட்டணத்தில் இருப்பவர்கள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அறியாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் போய்ப் பார்த்தால் காரணம் வேறு. மாத்திரை சாப்பிட்டவருக்கு மூன்று மாதத்தில் தூக்கம் வருகிறது, பிதற்றல் நிற்கிறது, மாடு பிடித்துக் கட்டுகிறார். குணமாகிவிட்டது என்று வீடு நினைக்கிறது. அப்போது நடவு வருகிறது. வாய்க்கால் முறைத் தண்ணீர் இரவில் வருகிறது. ராத்திரி மாத்திரை போட்டவரால் விழித்திருந்து மடை மாற்ற முடியவில்லை. சிலருக்குக் கை நடுங்குகிறது, உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகுகிறது, அரிவாள் பிடிக்க முடியவில்லை. "இந்த ஒரு போகம் முடியட்டும்" என்று நிறுத்துகிறார்கள். அறுப்பு முடிவதற்குள் நோய் திரும்பி வந்துவிடுகிறது. பெரும்பாலும் முன்னைவிடக் கடுமையாக.

இந்த உபாதைகளில் பலவற்றுக்கும் வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து கொடுக்கலாம், தினசரி மாத்திரைக்குப் பதிலாகச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி கூட இருக்கிறது. ஆனால் இவற்றைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் என்பதையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மனநோய் மாத்திரைகள் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடும். உடம்பு இறுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரை வேர்வையைக் குறைத்துவிடுவதால் கோடை வெயிலில் உடம்புச் சூடு ஏறும். லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர், வேர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து உடம்பில் தங்கி விஷமாகும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. கடலைக் கொல்லையில் நிற்பவருக்குப் பெரிய விஷயம்.

பஸ்ஸும் திரையும்

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொரு வழியைக் கையாண்டது. ஒரு பஸ் கிராமங்களுக்குப் போகும். அதற்குள் ஓர் அறை, ஒரு திரை. சென்னையில் இருக்கும் டாக்டர் அந்தத் திரையில் நோயாளியோடு பேசுவார். மருந்து அந்தப் பஸ்ஸிலேயே கிடைக்கும். டாக்டருக்குப் பிரயாணம் மிச்சம்; நோயாளிக்கு பஸ் சார்ஜும் கூலியும் மிச்சம்.

இயந்திரத்தைக் கண்டு வியப்பவர்கள் இதில் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார், போன மாதம் வந்தவர் இந்த மாதம் ஏன் வரவில்லை என்று விசாரித்து அழைத்து வர அந்தந்தப் பகுதியில் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பஸ் வந்து, நின்று, போய்விடும்.

2022 அக்டோபரில் மத்திய அரசு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை ஏற்படுத்தியது. தமிழிலும் பேசலாம். துக்கம் தாளாமல் இருப்பவருக்கு ராத்திரி நேரத்தில் பேச ஒரு குரல் கிடைப்பது சாதாரணமானதல்ல. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும், பால் சொசைட்டியிலும், பூச்சிமருந்துக் கடையிலும் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிப் போடலாம். ஆனால் போனை எடுக்க மறுத்து மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது போதாது.

வீட்டுக்குப் போகும் ஆள்

அப்படியானால் எது பலன் தருகிறது? இதை வெறும் யூகமாக விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மனச்சிதைவு நோய் கண்ட 282 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும், மற்றவர்களுக்கு அதோடு உள்ளூர் பணியாளர் வீட்டுக்குப் போய்க் கவனிக்கும் ஏற்பாடும் என்று ஒரு வருஷம் நடத்தினார்கள். கோவா, மகாராஷ்டிரத்தில் சதாரா, தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் இது நடந்தது. முடிவுகள் 2014-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தன.

வீட்டுக்குப் போன பணியாளர்கள் டாக்டர்கள் அல்ல, நர்சுகளும் அல்ல. பள்ளிக்கூடம் படித்த உள்ளூர்க்காரர்கள். சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். முதலில் அடிக்கடி போனார்கள், பிறகு மாதம் ஒருமுறை. நோய் இன்னது என்று வீட்டாருக்கு விளக்கினார்கள். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பார்த்தார்கள். குளிப்பது, ஆடு மேய்ப்பது, கடைக்குப் போய் வருவது என்று சின்னச் சின்ன வேலைகளுக்குத் திருப்பினார்கள். அரசு உதவிக்கு எங்கே மனுப் போடுவது என்று காட்டினார்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய்க் கவனிக்கப்பட்டவர்களிடம் நோயின் கடுமையும் முடக்கமும் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகக் குறைந்தன. இடத்துக்கு இடம் பிரித்துப் பார்த்தபோது, தெளிவான பலன் காஞ்சிபுரத்துக் கிராமங்களில்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும் ஊரில்தான் வீட்டுக்கு வரும் ஆளின் அருமை தெரிகிறது. மானாவாரியில் பெய்த ஒரு மழை மாதிரி.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பலன் மிதமானதுதான். ஊராரின் இளக்காரத்திலும், பார்த்துக்கொள்ளும் வீட்டாரின் பாரத்திலும் சொல்லத்தக்க மாற்றம் காணவில்லை. செலவும் கூடுதலாகத்தான் ஆயிற்று. அரசுக் கணக்காளர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக்கூடும். நோயாளி ஒருவர் மறுபடி முற்றிப்போய் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தால் அரசுக்கு ஆகும் செலவையும், இரண்டு ஆள் கூலியை இழக்கும் வீட்டின் செலவையும் அவர்கள் அதே ஏட்டில் எழுதட்டும்.

கடன், மழை, மனச்சோர்வு

மனச்சிதைவு கடுமையான நோய்; ஆனால் கிராமத்தில் அதைவிடப் பரவலாக இருப்பது மனச்சோர்வு. வெளியே தெரியாது. தூக்கம் கெடும், பசி போகும், உடம்பெல்லாம் வலிக்கும், வயலைப் பார்க்கவே மனம் வராது. சோம்பேறியாகிவிட்டான் என்று வீடு சொல்லும். கடனும் விலை வீழ்ச்சியும் சேர்ந்தால் விபரீதமாகும். 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் கண்டவர்களில், நோய்க்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியம் பெறவில்லை.

விவசாயிகளின் தற்கொலைக்குப் பேர்போன விதர்பாவில், அமராவதி மாவட்டத்தின் 30 கிராமங்களில் நடந்த முயற்சியைத் தமிழ்நாடு கவனிக்க வேண்டும். அங்கேயும் உள்ளூர் பணியாளர்கள்தான். வீடு வீடாகப் பேசினார்கள், மனச்சோர்வு உள்ளவரைக் கண்டறிந்தார்கள், முதல் ஆறுதலை அவர்களே சொன்னார்கள், முற்றியவரை ஆலோசகரிடமும் டாக்டரிடமும் அனுப்பினார்கள். தொடக்கத்தில் மனச்சோர்வு உள்ளவர்களில் 100-க்கு 4 பேர்தான் உதவி நாடியிருந்தார்கள். ஒன்றரை வருஷ வேலைக்குப் பிறகு அது 27 ஆயிற்று. கடன் தீரவில்லை, மழையும் கூடவில்லை. ஆனால் கஷ்டத்தை வெளியே சொல்ல ஒரு இடம் இருந்தது.

இதோடு சேர்த்துப் பேசவேண்டியது பூச்சிமருந்து. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையைச் சேர்ந்த சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இரண்டு கிராமங்களில் பொதுவான பூச்சிமருந்து அறை கட்டிப் பார்த்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் பூட்டுள்ள பெட்டி. மருந்து வீட்டுக் கூரையில் செருகி வைக்கப்படாமல் அங்கேயே இருக்கும். வேண்டும்போது எடுத்துத் தெளித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். ஆத்திரமோ விரக்தியோ உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டாத தூரத்தில் விஷம் இருந்தால் ஒரு உயிர் தப்புகிறது. இதற்கு மனநல டாக்டரே தேவையில்லை. கூட்டுறவுச் சங்கம் நினைத்தால் நடக்கும். அது நடக்கும்வரை வீட்டில் மீதி மருந்து வைக்காமல், தெளிப்புக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவதும், வைக்கத்தான் வேண்டுமென்றால் பூட்டி, சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுப்பதும் நல்லது.

யார் போவது?

வீட்டுக்குப் போக ஆள் வேண்டும் என்றால் உடனே கிராம சுகாதார நர்சைக் காட்டுவது அதிகாரிகளின் வழக்கம். கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடுகள் என்று நர்சம்மா தலையில் இருக்கும் பாரம் போதாதா? இதற்கென்றே, சம்பளத்தோடு, சில பஞ்சாயத்துகளுக்கு ஒருவர் வேண்டும். பாதை புதிதல்ல. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பெண் பணியாளர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சர்க்கரை மாத்திரை போகிற பையில் மனநோய் மாத்திரையும் போகலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆள் வீட்டுக்கு வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. எல்லா வீட்டுக்கும் போகிற ஒருவர் அந்த வீட்டுக்கும் போனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதே தெருக்காரராக இல்லாமல் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் இன்னும் உத்தமம்.

வேளாண்மைத் துறையில் எண்பதுகளில் ஒரு ஏற்பாடு இருந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விரிவாக்கப் பணியாளர் இன்ன கிழமையில் இன்ன ஊருக்கு, 15 நாளைக்கு ஒருமுறை வருவார் என்று விவசாயிகளுக்கு முன்கூட்டியே தெரியும். வராவிட்டால் கேட்க முடிந்தது. மனநோய்க்கும் அப்படி ஒரு கிழமை அறிவிக்கப்பட வேண்டும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதைக் கேலி செய்து பயனில்லை. குடும்பம் முதலில் அங்கேதான் போகிறது, போகட்டும். குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதர் தர்காவில் 2008-லிருந்து பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே டாக்டரையும் உட்காரவைத்தார்கள். ஏர்வாடியிலும் பிற்காலத்தில் அதே மாதிரி ஏற்பாடு வந்தது. கயிறும் கட்டிக்கொள்ளலாம், மாத்திரையும் சாப்பிடலாம். ஒன்றுக்காக ஒன்றை நிறுத்தச் சொன்னால் வீட்டார் நிறுத்துவது மாத்திரையைத்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்தது. மனநோயும் அதில் ஒன்று. ஆகவே நீண்ட நாள் நோயாளிக்குச் சான்றிதழ் வாங்கலாம். இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள்.

கிராம சபை ஆகஸ்டு 15-ந் தேதியும் அக்டோபர் 2-ந் தேதியும் கூடும். ரோடும் தண்ணீர்த் தொட்டியும் பேசி முடிந்த பிறகு, மாவட்ட மனநலக் குழு இந்த வட்டாரத்துக்கு எந்தக் கிழமையில் வருகிறது என்று போர்டில் எழுதிவைக்க வேண்டும், ஒருமுறை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மாதாமாதம் இந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும், வராத நோயாளியைத் தேடி வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று தீர்மானம் போட விவசாயிகளுக்கு உரிமை உண்டு. எந்த வீட்டுக்காக என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை.